நான்கு விநாடி

நானூற்றுப் பதினெட்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், சங்கமித்ரா லேப்டாப்பைப் பீரோவின் மேலிருந்து இறக்கினாள். உறைமேல் தூசி படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த துணியால் துடைத்தாள். அதற்குமேல் துடைக்க ஒன்றும் இல்லாமல் போனது.

பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியில் அவர்கள் குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையலறை. அம்மா ரஞ்சிதம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். ஐந்து மணிக்குத்தான் வருவாள். அதனால்தான் சங்கமித்ரா இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்த லேப்டாப்பில் உருப்படியான புரோகிராம் என்று ஒன்றுதான் இருந்தது. கோலார் தங்கவயலில் இருந்த அப்பா வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பெங்களூரிலிருந்து பார்த்துக்கொள்ள அவளே எழுதியது. அந்தப் புரோகிராம் பொய் சொன்னதால்தான் அப்பா செத்துப்போனார் என்று அவள் நம்பினாள். யாரிடமும் சொன்னதில்லை. நம்பினாளே தவிர ஒருநாளும் திறந்து பார்த்ததும் இல்லை. திறந்தால் தெரிந்துவிடும்.

இப்போது திறக்க வைத்தது பிரிஜெட், முந்தின நாள் லேபில்.

இருவரும் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்தார்கள். இருவரும் கெமிஸ்ட்ரி பட்டதாரிகள், இருவருக்கும் தங்கவயல்தான் ஊர். அதோடு ஒற்றுமை முடிந்தது. சங்கமித்ரா பேசாததையெல்லாம் சேர்த்துப் பிரிஜெட் பேசினாள்.

"ஏய் சங்கு, போர்டுல நோட்டீஸ் பாத்தியா? லேபுக்குள்ளயே ஆள் எடுக்கறாங்க. மெஷின் ரீடிங்கெல்லாம் தானா கம்ப்யூட்டர்ல ஏறணுமாம். அதுக்கு புரோகிராம் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணுமாம்."

"எனக்கு மறந்துபோச்சு பிரிஜெட்."

"மறக்கறதுக்கு அது என்ன வாய்ப்பாடா? சொந்தமா எழுதின புரோகிராம் ஒண்ணு அனுப்பணும். திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள. உன்கிட்டதான் அந்த மாத்திரைப் புரோகிராம் இருக்கே மேன்! உங்கப்பா அங்க பட்டன் அமுக்கினா இங்க உன் போன் டிங்குனு அடிக்கும். கேன்டீன்ல எல்லாரும் வாயைப் பொளந்துனு பாத்தமே."

"அது வேணாம்."

"அப்ப வேற எழுது. ரெண்டு நாள்ல முடியுமா? முடியாதில்ல? அப்ப ஆயுசு பூரா என்னோட சேந்து பெயிண்ட் கப்பு கழுவு. நான் கழுவறேன், எனக்கு வேற ஒரு எழவும் வராது. உனக்கு வருது. வந்தும் கழுவறியே, அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

சங்கமித்ரா கையிலிருந்த கப்பைக் கழுவி வைத்தாள்.

லேப்டாப் உயிர் பெறப் பத்து நிமிடம் ஆனது. அப்டேட் என்று முக்கால் மணி நேரம் இழுத்தது. பாஸ்வேர்டு மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. பழைய ஃபோல்டர் திரையின் ஓரத்தில் இருந்தது. பெயர் 'அப்பா'. அதைத் தொடாமல் புதிதாக ஒரு ஃபைலைத் திறந்தாள். முதலில் கை பழகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கை பழகவில்லை. ஐந்து எண்களைக் கொடுத்தால் சராசரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே மனசுக்குள் எழுதக்கூடிய சங்கதி. முதல் வரியில் முக்காற்புள்ளி விட்டுப்போய்ச் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. அதைப் போட்டாள். இரண்டாம் வரி உள்தள்ளி இல்லை என்றது. தள்ளினாள். மூன்றாவதாக வந்த பிழை அவளுக்குப் புரியவே இல்லை.

அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓட்டிக் கற்றுக்கொண்டாள். அதனால் மறந்தபோது கேட்கவும் ஆள் இல்லை. அதே வீடியோவைத் தேடிப்பிடித்தாள். அதே ஆள், அதே நீலச் சட்டை. "பயப்படாதீங்க, ரொம்ப சிம்பிள்" என்றான். முன்பும் இதையேதான் சொன்னான். அப்போது சிரிப்பு வந்தது.

நாலரை மணிக்குச் சராசரி வந்தது. ஐந்து எண்கள், ஒரு விடை. கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்தாள். சரிதான். உதடு தானாக விரிந்ததை உணர்ந்து உடனே மூடிக்கொண்டாள், ஏதோ சாவு வீட்டில் சிரித்துவிட்டவள் மாதிரி.

ரஞ்சிதம் உள்ளே வந்து பையை மாட்டினாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"இன்னாடி, அதிசயமா இருக்கு. பொட்டி கீழ எறங்கியிருக்கு?"

"லேப்ல ஒரு வேலை இருக்கும்மா. அதுக்கு."

"நல்ல வேலையா?"

"கிடைச்சா நல்ல வேலைதான்."

"கிடைக்கட்டும். எங்க பில்டிங்குல பதினோராவது மாடியில உன் வயசுப் பொண்ணுங்க நாள் பூரா இத்தப் பாத்துனுதான் உக்காந்திருக்குதுங்க. காபி கப்ப எடுத்துப் போட ஆள். கீழ சிந்தினா தொடைக்க நான். நீயும் போய் உக்காரு. உன் கப்ப எவளாவது எடுப்பா." சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது. பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"அதுல பழசெல்லாம் அப்பிடியே இருக்குமாடி?"

"இருக்கும்மா. நாமளா அழிச்சாத்தான் போகும்."

ரஞ்சிதம் டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரை இன்னொரு தடவை கழுவினாள்.

அப்பா சுப்பராயன் சுரங்கம் மூடும்வரை அங்கே வேலை செய்தவர். மூடியபின் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். நெஞ்சில் சுரங்கத் தூசு எப்போதும் இருந்தது. போதாததற்கு இதயத்தில் அடைப்பு வந்து, பெங்களூருக்குக் கொண்டுவந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் காலை எட்டுக்கு ஒன்று, மாலை எட்டுக்கு ஒன்று. "ஒரு வேளைகூட விடக்கூடாது" என்று டாக்டர் விரலைக் காட்டிச் சொன்னார். அப்பா மறதிக்காரர். சங்கமித்ரா லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். நினைத்தால் ஊருக்கு ஓட முடியாது. அப்போதுதான் அந்தப் புரோகிராமை எழுதினாள்.

வேலை எளிது. எட்டு மணிக்கு அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி போகும். கீழே ஒரு பச்சைப் பட்டன்: 'சாப்பிட்டாச்சு'. அதை அமுக்கினால் அவள் போனுக்கு மறுசெய்தி வரும்: 'அப்பா மாத்திரை சாப்பிட்டுவிட்டார்.' பத்து நிமிடத்துக்குமேல் போனால் அவளே கூப்பிடுவாள்.

"என்னப்பா, இன்னும் அமுக்கல?"

"உன் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்துச்சா? சுரங்கத்துல டோக்கன் குடுத்து ஆள் எண்ணுறவன்கூட சாயந்தரமானா விட்டுடுவான். நீ விடமாட்ட போலயே."

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஆறாம் மாதத்தில், செப்டம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போயிருந்தாள். செய்தியின் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார் அப்பா. அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். மாற்றியது சரியா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் அப்பாவை அமுக்கச் சொல்ல முடியாது. அதனால் சோதனைக்காக ஒரு வரி சேர்த்தாள். பட்டனை அமுக்கியாகிவிட்டது என்று எடுத்துக்கொள், அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும். அந்த வரி இருந்தால் யாரையும் கேட்காமலே புரோகிராம் 'அப்பா மாத்திரை சாப்பிட்டுவிட்டார்' என்று அனுப்பிவிடும்.

சோதித்து முடித்தாள். பெங்களூர் திரும்ப மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, புரோகிராம் ஓடும் சர்வரில் அவசரமாக ஏற்றினாள். ஏற்றியது அந்த வரி இருந்த பிரதியா, நீக்கிய பிரதியா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

மறுநாளிலிருந்து அப்பா டாண் டாண் என்று அமுக்கினார். எட்டு என்றால் எட்டு. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. போனில் சொன்னாள்: "இப்பல்லாம் கரெக்டா அமுக்கறியேப்பா!" அப்பா, "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்றார்.

இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்கு, பக்கத்து வீட்டு இராஜமாணிக்கம் மாமா போன் செய்தார். "அப்பாக்கு சீரியஸா இருக்கும்மா. கிளம்பி வா." சாவை யாரும் போனில் சொல்வதில்லை. தனியாக வருகிற பிள்ளைக்குச் சொல்லவே மாட்டார்கள். சீரியஸ் என்பார்கள். அது சங்கமித்ராவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ரயிலில் போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மாலூர் தாண்டியதும் எட்டு மணிக்குப் போன் டிங்கென்றது. அப்பா மாத்திரை சாப்பிட்டுவிட்டார்.

மாத்திரை சாப்பிடுகிறவர் செத்திருக்க முடியாது. அவள் அழுதாள், சிரித்தாள். எதிரில் இருந்த பெண் என்னவோ ஏதோவென்று ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீட்டினாள். வாங்கி, உரித்து, ஒவ்வொரு சுளையாக முழுசும் தின்றாள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பா மூன்று மணி பத்து நிமிடத்துக்கே போய்விட்டிருந்தார். அன்று ராத்திரியே போனிலிருந்து புரோகிராமை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள், பீரோவில் துணிக்கடியில் மாத்திரை அட்டைகளைக் கண்டாள். மூன்று முழு அட்டை, நான்காவதில் ஏழு. முப்பத்தேழு மாத்திரை. பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். நான்காம் தேதி காலையிலிருந்து அப்பா ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. ஆனால் நான்காம் தேதி காலையிலிருந்து அத்தனை வேளையும் அவளுக்குச் செய்தி வந்திருந்தது. செத்தபிறகும் வந்தது. அம்மா பார்த்துவிடக் கூடாது என்று அட்டைகளைப் பையில் மறைத்து எடுத்துப்போய் பஸ் ஸ்டாண்டில் குப்பைத்தொட்டியில் போட்டாள். லேப்டாப்பை மூடினாள்.

அந்த வருஷம் முடியுமுன் அம்மாவை ஹெப்பகோடிக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதத்துக்கு விடுமுறை. அவரைக்காய் வரத் தொடங்கியிருந்தது. முதல் நாள் உரித்து ஊறவைத்த கொட்டைகளை ஒரு குண்டானில் போட்டுக்கொண்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் அமுக்கினால் தோலிலிருந்து பருப்பு எகிறித் தட்டில் விழும்.

"பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு மட்டன் போடவா, வேணாமா?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா கறிக்கடைக்கு நீதான் போவணும்."

சங்கமித்ரா கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். காலை முழுக்க இன்னொரு புரோகிராமை எழுத முயன்று தோற்றிருந்தாள். நாளை பத்து மணிக்குள் அனுப்ப வேறு எதுவும் இல்லை. அது மட்டும் காரணமில்லை. நேற்று அந்த அற்பச் சராசரி சரியாக வந்தபோது அவளுக்குள் எது எழுந்து உட்கார்ந்ததோ, அது மறுபடி படுக்க மறுத்தது. தனக்கு இது வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டுமென்றால் இந்த ஃபோல்டரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

'அப்பா'வைத் திறந்தாள்.

லேபில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. ஒயிட்னர் வைத்தால் மெமோ. அந்தப் பழக்கத்தைப் புரோகிராமுக்கும் கொண்டுவந்திருந்தாள் அவள். வேண்டாத வரியை எல்லாரும் அழித்துவிடுவார்கள். அவளுக்குக் கை வராது. வரியின் முன்னால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப்போகும்படி ஒரு குறி போட்டு, பக்கத்தில் தன் பெயரின் சுருக்கத்தையும் தேதியையும் எழுதி வைப்பாள். அதனால் புரோகிராம் முழுக்கக் கோடு போட்ட வரிகளாகக் கிடந்தது. ஒவ்வொன்றாகத் தாண்டிக் கீழே போனாள்.

இருந்தது அந்த வரி. முன்னால் குறியும் இருந்தது. பக்கத்தில் 'எஸ்.எம்., 3.9'.

நீக்கியிருக்கிறாள். அன்றே நீக்கியிருக்கிறாள்.

ஆனால் இது லேப்டாப்பில் உள்ள பிரதி. ஏற்றியது எது? அதற்கு வேறு சாட்சி வேண்டும். அதுவும் இருந்தது. ஒவ்வொரு வேளையும் செய்தி போன நேரம், பட்டன் அமுக்கிய நேரம் இரண்டையும் புரோகிராம் தானே ஓர் ஆன்லைன் ஷீட்டில் எழுதிக்கொண்டே வந்தது. அதையும் லேப் பழக்கத்தில் செய்தாள். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஷீட்டைத் திறந்து மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தாள். அமுக்கிய நேரத்திலிருந்து போன நேரத்தைக் கழித்தால் வரும் இடைவெளி. ஒரு சின்னச் சூத்திரம். அதை எழுதக்கூட இரண்டு தடவை தப்பினாள்.

மூன்றாம் தேதி சோதித்தபோது விழுந்த வரிகள் முதலில் கண்ணில் பட்டன. இடைவெளி பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். புரோகிராம் தானே அமுக்கிக்கொண்டால் இப்படித்தான் விழும். இயந்திரத்துக்குக் காத்திருக்கத் தெரியாது.

அதற்கு மேலே அப்பா இருந்தார்.

ஏழு நிமிடம். பதினொன்று. ஒன்பது. கண்ணாடியைத் தேடுவார், செம்பில் தண்ணீர் மொள்ளுவார், மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டே அம்மாவைத் திட்டுவார், அப்புறம்தான் பட்டன். ஐம்பத்திரண்டு நிமிடம், அது கரண்ட் போன நாள். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இருபதுக்குமேல், கறிக்கடையில் நின்றிருப்பார். ஏப்ரலில் ஒருநாள் ஒன்றரை மணி நேரம். அன்று அவள் போனில் கத்தினாள். அப்பா, "செத்துப்போயிடலடி, தூங்கிட்டேன்" என்றார். ஆறு மாதக் காலைகளும் மாலைகளும் நிமிடங்களாக அங்கே வரிசையில் நின்றன. விரலால் திரையை மேலும் கீழும் தள்ளினாள். எட்டு. பதின்மூன்று. ஆறு.

பிறகு நான்காம் தேதி காலை. மூன்று விநாடி.

மாலை நான்கு விநாடி. மறுநாள் மூன்று, மூன்று. அப்புறம் ஐந்து. நான்கு.

பூஜ்யம் இல்லை. ஒன்றுகூடப் பூஜ்யம் இல்லை. புரோகிராம் பொய் சொல்லவில்லை. ஒரு விரல் அமுக்கியிருக்கிறது, ஒவ்வொரு வேளையும். போனைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்காகக் காத்திருந்த விரல். மூன்று விநாடியில் யாராலும் மாத்திரை விழுங்க முடியாது. அப்பா, என்று நினைத்தாள். விழுங்காமலே அமுக்கியிருக்கிறாய். நான் கத்துவேன் என்று. கண் மறைத்தது. மறைத்த கண்ணோடு கடைசி வரிக்கு வந்தாள்.

இருபத்திரண்டாம் தேதி மாலை. செய்தி போனது எட்டு மணி பூஜ்யம் விநாடி. அமுக்கியது எட்டு மணி நான்கு விநாடி.

எண்ணினாள். முப்பத்தெட்டு வரிகள். மாத்திரை முப்பத்தேழு.

தட்டில் பருப்பு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா."

"ம்."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னதில்ல இத்தினி நாளா."

"இன்னா, எவனையாவது பாத்து வச்சிருக்கியா? பாத்தா சொல்லு, செருப்பால அடிக்கமாட்டன். அவன் யாரு, தங்கவயல்ல எந்த லைன் வீட்டுக்காரன்னு மட்டும் கேப்பன்."

"அம்மா, அப்பா மாத்திரை சாப்பிடல."

ரஞ்சிதத்தின் கை நின்றது.

"பீரோல துணிக்கடியில முப்பத்தேழு இருந்துச்சு. நீ பாத்துடக் கூடாதுன்னு நான்தான் எடுத்துட்டுப்போய்த் தூக்கிப்போட்டேன். ஆனா எனக்கு மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு, சாப்பிட்டாரு சாப்பிட்டாருன்னு. என் புரோகிராம்தான் தப்பா தானா அனுப்புதுன்னு நெனச்சேன். ஒரு வரி இருந்துச்சு, சோதனைக்குப் போட்டது. அதை எடுக்க மறந்துட்டேன்னு. அந்த மெசேஜ் மட்டும் வராம இருந்திருந்தா மொத நாளே ஓடி வந்திருப்பேனேம்மா. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன். நான்தான் கொன்னுட்டேன்னு…"

"யாரு, நீயா?"

"அதான் இதைத் தொடல."

ரஞ்சிதம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலைக்குப் போய்ட்டு வந்து அலுப்பா இருக்குது, அதான் பொட்டியத் தொடலன்னு நெனச்சினு இருந்தன்டி நான். நீ இத்தயா வயித்துல வச்சினு இருந்த? சோறு சாப்பிட்ட. சிரிச்ச. எனக்குத் தலவலி தைலம் தேச்சிவுட்ட. இத்த வச்சினேவா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நீ சொன்னதா மாமா சொன்னாரே, ஒருநாளும் விடலன்னு. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

ரஞ்சிதம் தட்டில் விழுந்த பருப்பை விரலால் ஒதுக்கினாள்.

"இப்பப் பாத்தேம்மா. புரோகிராம் சரியாத்தான் இருக்கு. யாரோ அமுக்கியிருக்காங்க. முப்பத்தெட்டு தடவ. மொதல்ல அப்பான்னுதான் நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "கடைசித் தடவ வெள்ளிக்கிழமை சாயந்தரம் எட்டு மணிக்கு. எட்டு மணி, நாலு விநாடி."

கீழேயிருந்து வீட்டுக்காரம்மா சந்திரம்மா கூவினாள், "ரஞ்சிதம்மா, நீரு பந்திதே!" குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். ரஞ்சிதம் எழவில்லை. குண்டானைத் தள்ளி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். ஈரம் போனபிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாத்திரை போட்டா மூச்சு முட்டுதுன்னாரு" என்றாள். "படுத்தா எழுந்து உக்காந்துக்குவாரு. சுரங்கத்துக்குள்ள பாறை சரிஞ்சப்பகூட இப்பிடி இல்லடி ரஞ்சிதம்ன்னாரு. வா, டாக்டராண்ட சொல்லலாம்னு கூப்ட்டன். சொன்னா படுக்கவெப்பான், சங்கு லீவ் போட்டு வந்து நிக்கும், அதுக்கு வேலை கன்ஃபர்ம் ஆவற மாசம், கெடுக்காதன்னாரு. நீ வந்த ஞாயித்துக்கிழம உன் எதுருல போட்டாரு. நீ ரயிலேறின மறுநாளே நிறுத்திட்டாரு. ஒரு வாரம் வுட்டுப் பாக்கறன், சரியாவலன்னா நானே புள்ளைகிட்ட சொல்றன்னாரு."

"அம்மா…"

"சரியாச்சுடி. அதான் பாவம். ராத்திரில தூங்கினாரு. டீக்கடை வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தாரு. ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. எத்தினி வருசம் ஆச்சு அவரு நிம்மதியாத் தூங்கி. பக்கத்துல படுத்துனு அந்த மூச்ச நான் கேட்டுனே இருப்பன். ஒரு வாரம் ரெண்டு வாரமாச்சு. போடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

கீழே பிளாஸ்டிக் குடங்களின் சத்தம் கேட்டது. சந்திரம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"பட்டன் அமுக்கலன்னா பத்தாவது நிமிசம் நீ போன் பண்ணுவ. அவரு அமுக்கமாட்டன்னுட்டாரு. எம் புள்ளைக்கு நான் பொய் சொல்லமாட்டன், கை வராதுன்னுட்டாரு. எட்டு அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கும்போதே போன எடுத்து மடியில வச்சிக்குவன். அவரு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவாரு."

சங்கமித்ரா லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கித் தரையில் அம்மா எதிரே உட்கார்ந்தாள். தொடவில்லை.

"வெள்ளிக்கிழமை அவர நடுவீட்ல கிடத்தியிருந்தாங்க. தலமாட்டுல விளக்கு. நீ ரயில்ல வந்துனு இருந்த, ஒண்டியா. உனக்கு சீரியஸ்னுதான் சொல்லியிருந்திச்சு. போன் அடிச்சிச்சு, அந்தப் பச்சை வந்துச்சு. அமுக்கலன்னா உனக்கு நடு வழியில தெரிஞ்சிடுமே, ஓடுற ரயில்ல என்னா பண்ணுவியோன்னு…" ரஞ்சிதம் நிறுத்தினாள். தன் வலது கையை விரித்து, கட்டைவிரலைப் பார்த்தாள். அவரைக்கொட்டைத் தோலின் பச்சை அதில் ஒட்டியிருந்தது.

"நான்தான்டி அமுக்கினன். முப்பத்தெட்டும் நான்தான்."